காவலருக்கு முதலில் வாங்கித் தரவேண்டியது நேரம்

போலீஸ்காரர்களின் பாதுகாப்பு பற்றிப் பேச்சு வந்தாலே புதிதாக என்ன கருவி வந்திருக்கிறது என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். மெய்நிகர் கண்ணாடி, ரோபோ நாய், ஆளைத் தானே அடையாளம் காணும் கேமரா என்று படங்களாகப் பகிர்கிறார்கள். கருவி வேண்டாம் என்று சொல்லும் ஆள் நானில்லை. ஆனால் எந்தக் கருவியையும் எந்தப் பயிற்சியையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்ப்பேன்: சம்பவ இடத்தில் நிற்கும் காவலருக்கு இது யோசிக்க நாலு நொடி கூடுதலாகத் தருகிறதா, இல்லை இருக்கிற நொடியையும் பிடுங்கிக்கொள்கிறதா?

2014 நவம்பர், அமெரிக்காவின் கிளீவ்லாந்து. பூங்காவில் ஒருவன் துப்பாக்கியைக் காட்டிக்கொண்டிருக்கிறான் என்று அவசர எண்ணுக்கு ஒருவர் போன் செய்கிறார். அனேகமாகப் பொம்மைத் துப்பாக்கிதான், ஆளும் சின்னப் பையனாக இருக்கலாம் என்றும் சொல்கிறார். அந்த இரண்டு தகவலும் ரோந்து வண்டிக்குப் போய்ச் சேரவில்லை. வண்டி நேராகப் பையனுக்குப் பக்கத்தில் சில அடி தூரத்தில் போய் நிற்கிறது, இரண்டு நொடிக்குள் சுட்டுவிடுகிறார்கள். பையனுக்கு வயது 12. சுட்டவரின் மனநிலை, நிறவெறி, சட்டம் என்று எவ்வளவோ பேசலாம், பேசவும் வேண்டும். நான் இங்கே பார்ப்பது அந்த இரண்டு நொடியை மட்டும்தான். வண்டியைத் தள்ளி நிறுத்தி, கதவுக்குப் பின்னால் நின்று குரல் கொடுத்திருந்தால் எதிரில் இருப்பது யார் என்று பார்க்க நேரம் கிடைத்திருக்கும். நிஜத் துப்பாக்கியாகவே இருந்திருந்தாலும் அப்படி நிறுத்துவதுதான் காவலருக்கும் நல்லது. கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருப்பவர் ஒரு வரியை விட்டால் களத்தில் இருப்பவரின் நேரம் போய்விடுகிறது, இதை எந்த உபகரணக் கண்காட்சியிலும் யாரும் சொல்வதில்லை.

1983-இல் சால்ட் லேக் சிட்டி போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் ஒரு கணக்கு சொன்னார். கத்தியோடு ஓடிவரும் ஒருவர் 21 அடியைக் கடக்க ஏறக்குறைய ஒன்றரை நொடி போதும், பயிற்சி பெற்ற காவலர் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடவும் அதே நேரம் ஆகும். அதனால் ஆபத்தை முன்கூட்டியே உணர், விலகி நில், நடுவில் ஏதாவது தடுப்பு இருக்கட்டும் என்பதுதான் அவர் சொன்ன பாடம். ஆனால் அது பயிற்சி மைதானங்களில் வாய்வழியாகப் பரவிப் பரவி, 21 அடிக்குள் வந்தால் சுடலாம் என்று ஒரு விதியாகவே மாறிவிட்டது. நேரத்தை எப்படிச் சம்பாதிப்பது என்று சொல்லவந்த பாடம், எவ்வளவு சீக்கிரம் சுடலாம் என்ற பாடமாக முடிந்தது.

இதை மாற்ற முடியுமா என்றால், முடியும். 2015-இல் அமெரிக்கப் போலீஸ் அதிகாரிகள் குழு ஒன்று ஸ்காட்லாந்தின் டல்லியாலன் பயிற்சிக் கல்லூரிக்குப் போனது. அங்கே பெரும்பாலான காவலர்களிடம் துப்பாக்கியே கிடையாது, கத்தி வைத்திருப்பவனைப் பேசிப் பேசியும், பின்வாங்கியும், கூடுதல் ஆட்கள் வரும்வரை இழுத்துப் பிடித்தும்தான் சமாளிக்கிறார்கள். மறு ஆண்டே அமெரிக்காவின் போலீஸ் நிர்வாக ஆய்வு மன்றம் ஐகாட் என்ற பயிற்சியைக் கொண்டுவந்தது. தூரம், மறைவு, பேச்சு, பதற்றத்தைத் தணிப்பது, இவைதான் அதன் உள்ளடக்கம். லூயிவில் நகரப் போலீசுக்கு அதைக் கொடுத்த பிறகு சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். பலப்பிரயோகம் 28 சதவீதம் குறைந்தது, பொதுமக்கள் காயமடைவது 26 சதவீதம் குறைந்தது, காவலர்கள் காயமடைவது 36 சதவீதம் குறைந்தது. கடைசி எண்ணைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் போலீஸ்காரன்தான் அடிவாங்குவான் என்று மேஜையைத் தட்டிப் பேசுகிறவர்களுக்கு இது தெரியாமல் இல்லை, பிடிக்கவில்லை. சரி, ஒரு நகரத்து முடிவை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது, ஒத்துக்கொள்கிறேன்.

துப்பாக்கிப் பயிற்சிக்கு வருவோம். நல்ல வெளிச்சம், அசையாத காகித இலக்கு, காதுக்கு மூடி, ஆற அமரச் சுட்டுவிட்டு மதிப்பெண் வாங்கிக்கொண்டு போவது. அமெரிக்க ஆய்வு நிறுவனமான ரேண்ட் நியூயார்க் போலீசின் பதிவுகளை ஆராய்ந்தபோது, எதிராளியும் திருப்பிச் சுடும் மோதல்களில் போலீஸ் சுட்டதில் 18 சதவீதம்தான் இலக்கில் பட்டது என்று தெரிந்தது. மீதி எங்கே போனது என்று யோசித்தால் தெருவில் போகிறவருக்கு வயிற்றைக் கலக்கும். இத்தனைக்கும் மைதானத்தில் தேர்ச்சி பெற்ற ஆட்கள்தான் அவர்கள். உயிர்பயத்தில் இதயம் தாறுமாறாக அடிக்கும், பார்வை சுருங்கும், காது மந்தமாகும், விரல்கள் சொன்னபடி கேட்காது. அந்த நிலையிலேயே பழக்க வேண்டும். இருட்டான நடைவழி, கத்திக்கொண்டிருக்கும் நடிகர்கள், குண்டுக்குப் பதில் சாயம் தெறிக்கும் தோட்டா, இப்படி. அதிலும் பெரும்பாலான காட்சிகள் துப்பாக்கியை எடுக்காமலேயே முடிய வேண்டும். பத்துக் காட்சியும் சுடுவதில் முடிந்தால் கை எதைக் கற்றுக்கொள்ளும்?

கை கற்றுக்கொள்வது என்றதும் 2021 ஏப்ரலில் மினசோட்டாவின் புரூக்ளின் சென்டரில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 26 ஆண்டு அனுபவமுள்ள அதிகாரி, மின்னதிர்ச்சியால் ஆளை முடக்கும் டேசர் கருவியை எடுத்ததாக நினைத்து, "டேசர், டேசர்" என்று கத்திக்கொண்டே கைத்துப்பாக்கியால் சுட்டார், 20 வயது இளைஞர் இறந்துபோனார். டேசர் இடப்பக்கம், துப்பாக்கி வலப்பக்கம், எல்லாம் விதிப்படிதான் இருந்தது. பதற்றத்தில் கை பழகிய பக்கம் போய்விட்டது. உயிர் போகாமல் இருக்கத்தான் டேசர் கொடுத்தார்கள், ஆனால் அதைக் கை தானாகத் தேடிப்போகும் அளவுக்குப் பழக்குவதற்கான பயிற்சி நேரத்தைக் கூடவே கொடுப்பதில்லை. ஆண்டுக்கு ஒருநாள் வகுப்பெடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வதற்குப் பெயர் பயிற்சி இல்லை, கோப்பு நிரப்புவது. நார்வேயிலும் பின்லாந்திலும் காவலராக மூன்றாண்டுப் பட்டப்படிப்பு. அமெரிக்க அகாடமிகளில் 2018 கணக்குப்படி அடிப்படைப் பயிற்சி சராசரியாக 833 மணி நேரம்.

கவச உடை மட்டும் எனக்கு விவாதமே இல்லாத விஷயம். டூபாண்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஸ்டெஃபனி குவோலெக் 1965-இல் கண்டுபிடித்த இழை, அதிலிருந்து 1970-களில் போலீஸ் கவசம் வந்தது, ஆயிரக்கணக்கான காவலர்கள் இன்று உயிரோடு இருக்கிறார்கள். ஆனால் வெக்கைக்குப் பயந்து அலமாரியில் தொங்கவிட்டால் அது வெறும் துணி. ஆண்களின் அளவுக்கு வெட்டிய கவசத்தைப் பெண் காவலருக்குக் கொடுத்தால் அக்குள் பக்கம் இடைவெளி விழும், அதையும் அளவெடுத்துச் சரிசெய்ய வேண்டும். அப்புறம், ரத்தப்போக்கை நிறுத்தும் பட்டை. கைகாலில் பெரிய நாளம் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகும், சண்டை ஓயாத இடத்துக்கு ஆம்புலன்ஸ் உள்ளே வராது. ஒற்றைக் கையால் கட்டிக்கொள்ளப் பழகிய காவலர் அந்த நிமிடங்களைத் தானே வாங்கிக்கொள்கிறார். இத்தனை மலிவாக உயிரைக் காக்கும் பொருள் அவர் இடுப்பில் வேறு எதுவும் கிடையாது.

சாலை விபத்தில் சாகும் காவலர்களைப் பற்றி யாரும் பதிவு போடுவதில்லை. சீட் பெல்ட் துப்பாக்கி உறையில் மாட்டும், சட்டென்று இறங்க முடியாது என்று போடாமல் ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். பணியில் சாகும் காவலர் எண்ணிக்கையை ஆண்டுக்கு நூறுக்குக் கீழே கொண்டுவர 2010-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'பிலோ 100' இயக்கம் பட்டியலில் முதலில் வைத்ததே பெல்ட்டைத்தான். கவசம், வேகக்கட்டுப்பாடு எல்லாம் அதற்குப் பிறகு. தூக்கமும் இதே கணக்குதான். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. இரட்டை ஷிப்ட் பார்த்தவரிடம் துப்பாக்கியையும் வண்டியையும் கொடுத்துவிட்டு மேலே எந்தக் கேமராவை மாட்டி என்ன பயன்?

பாடி கேமராவைப் பற்றி இரண்டு பக்கமும் மிகையாகப் பேசுகிறார்கள். 2012-இல் கலிபோர்னியாவின் ரியால்டோவில் நடந்த சோதனையில் பலப்பிரயோகமும் புகார்களும் வெகுவாகக் குறைந்தன. வாஷிங்டனில் 2,000-க்கும் மேற்பட்ட காவலர்களை வைத்துச் செய்து 2017-இல் முடிவு வெளியான பெரிய சோதனையில் குறிப்பிடும்படி எந்த மாற்றமும் இல்லை. ஒரே கேமரா, இரண்டு விடை. என் கருத்தில் கேமரா அந்த நொடியில் யாரையும் காப்பாற்றாது. பிறகு சாட்சியாகும், பயிற்சிக்குப் பாடமாகும். புகார் வராத வீடியோவையும் யாராவது உட்கார்ந்து பார்த்தால்தான் அந்தப் பாடம்.

ட்ரோன் வேறு ரகம். கலிபோர்னியாவின் சூலா விஸ்டாவில் 2018 முதல் அவசர அழைப்பு வந்ததும் ட்ரோனை முதலில் அனுப்புகிறார்கள். ரோந்து வண்டி போய்ச் சேருவதற்குள் கையில் இருப்பது துப்பாக்கியா வேறு ஏதாவதா என்று பார்த்துவிடலாம், சில அழைப்புகளுக்குப் போகவே தேவையிருக்காது. மக்களின் தலைக்கு மேல் எப்போதும் கேமரா பறக்கலாமா என்ற கேள்வி நியாயமானது, அதற்குக் கறாரான விதிகள் வேண்டும். ஆனாலும் என் கேள்விக்கு இது நல்ல பதில் சொல்கிறது. முகமறியும் மென்பொருள் நேர் எதிர். 2020 ஜனவரியில் டெட்ராய்ட் போலீசார் அது காட்டிய தவறான பொருத்தத்தை நம்பி ஒருவரை அவருடைய வீட்டு வாசலிலேயே, மனைவி குழந்தைகள் முன்னால் கைது செய்தார்கள். திரையில் பெயர் வந்துவிட்டால் விசாரிக்கும் பொறுமை போய்விடுகிறது.

எல்லா நேரமும் காத்திருந்தால் சரியாகிவிடுமா என்று கேட்பீர்கள். ஆகாது. 2022 மே மாதம் டெக்சாஸ் யுவால்டி பள்ளியில் 376 காவலர்கள் வந்து சேர்ந்தார்கள், கொலைகாரனை எதிர்கொள்ள 77 நிமிடம் ஆனது, 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். சுட்டுக்கொண்டிருப்பவன் உள்ளே இருந்தால் தாமதிக்காமல் நுழைய வேண்டும் என்பது 1999 கொலம்பைன் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு எல்லாருக்கும் சொல்லித்தந்த பாடம். துப்பாக்கி இருந்தது, கேடயம் வந்தது, அந்தப் பயிற்சியும் நடந்திருந்தது. யார் தலைமை, யார் உத்தரவு கொடுப்பது என்பதுதான் அங்கே யாருக்கும் தெளிவாக இல்லை. பயிற்சி என்றாலே கடைநிலைக் காவலரை மைதானத்தில் ஓடவிடுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். எப்போது காத்திருக்கச் சொல்ல வேண்டும், எப்போது உள்ளே போகச் சொல்ல வேண்டும் என்று முடிவெடுக்கும் உயரதிகாரியும் வயர்லெஸ்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, அதே இருட்டு நடைவழியில், அதே கூச்சலுக்கு நடுவில் நின்று பழக வேண்டும். அங்கே தவறவிட்டால் அவருக்கும் மதிப்பெண் குறைய வேண்டும்.