கேட்காமல் வந்த கிண்ணம்

ஒசாகாவில் தோத்தோன்போரி பக்கம் ஒரு மீன் இசகாயா, அதாவது குடித்துக்கொண்டே சாப்பிடும் ஜப்பானியக் கடை. உள்ளே கால் வைத்ததுமே ஆளாளுக்கு "இரஷ்ஷாய்மாசே!" (வாங்க, வாங்க!) என்று கத்துகிறார்கள். சரி, அந்த ஆரவாரத்துக்குத்தானே போனோம். உட்கார்ந்த மறுநிமிடம் உள்ளங்கை அளவுக் கிண்ணத்தில் நான்கு துண்டு ஆக்டோபஸ் வந்தது. உபசாரம் என்று நம்பி, நன்றி சொல்லித் தின்றும் தொலைத்தேன். பில்லில் தலைக்கு 500 யென்! அதற்குப் பெயர் 'சுகிதாஷி'யாம். டோக்கியோ பக்கம் 'ஒதோஷி'யாம். உட்கார்ந்ததற்கான கட்டணம் என்று வைத்துக்கொள்ள வேண்டுமாம். டிப்ஸ் வாங்காத நாடு என்று பூரித்துப் போயிருந்தேனே! பட்டியல் விலைக்கு மேல் 10 சதவீத வரி வேறு. சஷிமி என்ற பச்சை மீன் துண்டுகள் அபாரம், மறுக்கவில்லை. அந்த ஆக்டோபஸ்தான் சுத்த ரப்பர். காசையும் கொடுத்துவிட்டு, வாசலில் நானும் குனிந்து வணங்கிவிட்டு வந்தேன்.