வேவ் கோப்பில் டேக் நிற்காது என்பது பாதி உண்மைதான்

"வேவ் கோப்புல டேக் எழுத இடமே கிடையாது, ரெகார்ட்பாக்ஸ்ல பாட்டுப் பேரு, ஆர்ட்டிஸ்ட் காணோம்னா எல்லாத்தையும் 320 எம்பி3யா மாத்திடுங்க"ன்னு சொல்லியிருக்கீங்க ப்ரோ. (புதுசா வர்றவங்களுக்கு: வேவ்னா சுருக்காத ஒலிக் கோப்பு, 320 எம்பி3னா ஒலியில கொஞ்சத்தை விட்டுச் சுருக்கின கோப்பு, டேக்னா கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கிற பாட்டு விவரம், ரெகார்ட்பாக்ஸ்னா டிஜேக்கள் பாட்டை அடுக்கி வைக்கிற மென்பொருள்.) இதை நம்பி யாரும் மொத்த லைப்ரரியையும் மாத்திடாதீங்க.

வேவுக்குள்ள இடம் இருக்கு. சிக்கலே ரெண்டு இடம் இருக்கிறதுதான்: பழைய இன்ஃபோ பகுதி ஒண்ணு, எம்பி3ல வழக்கமா இருக்கிற ஐடி3ங்கிற டேக் முறைக்கான பகுதி ஒண்ணு. ஒரு மென்பொருள் ஒண்ணுல எழுதும், இன்னொண்ணு மத்ததைத் தேடும், திரையில காலி. டேக் திருத்துற மென்பொருளான எம்பி3டேக்ல திறந்து பாருங்க, விவரம் உள்ளேயே இருக்கலாம்.

இன்னொண்ணு, பாட்டைச் சேர்க்கும்போது படிச்சதை ரெகார்ட்பாக்ஸ் தன் டேட்டாபேஸ்ல வெச்சுக்கும். வெளியே திருத்தினது தெரியணும்னா ரைட் கிளிக் பண்ணி 'ரீலோட் டேக்' கொடுக்கணும். (உள்ளேயே கையால தட்டின விவரம் கோப்புல இல்லைன்னா, இதுல அது போயிடும். பார்த்துப் பண்ணுங்க.)

மாத்தியே ஆகணும்னா ஏஐஎஃப்எஃப், அதாவது வேவ் மாதிரியே சுருக்காத இன்னொரு கோப்பு வகை. ஒலி துளியும் குறையாது, ஐடி3யும் ஒழுங்கா நிக்கும். எம்பி3 ஆக்கி வேவை அழிச்சா போன ஒலி திரும்ப வராது. எதுவானாலும், புதுக் கோப்பைச் சேர்த்தா அது புதுப் பாட்டுதான். பழசுல போட்ட ஹாட் க்யூ (பாட்டுல நேரா தாவிப் போகப் போட்ட குறி), பீட்கிரிட் (தாளம் விழுற இடங்களைக் குறிக்கிற கோடுகள்) எதுவும் தானா வராது.