மயிலாடி சபையின் கதையை யாரிடமிருந்து தொடங்குவது?

குமரி மாவட்டத்தில் எந்த சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையின் ஆண்டுவிழா மலரை எடுத்தாலும் சபை வரலாறு என்ற கட்டுரை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தொடங்கும். 1806 ஏப்ரல் 25 அன்று ரிங்கல்தௌபே ஐயர் (மிஷனரிகளையும் போதகர்களையும் நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம்) ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் வந்தார். இருளில் இருந்த ஜனங்கள் வெளிச்சத்தைக் கண்டார்கள். அப்புறம் அடுத்த மிஷனரி, அதற்கடுத்த மிஷனரி, கட்டடம், கோபுரம், மணி. கடைசியில் இப்போதைய கமிட்டியின் குரூப் போட்டோ. சிறு வயதிலிருந்து இதை வாசித்து வாசித்து எனக்கு மனத்தாங்கல் சேர்ந்துபோயிருக்கிறது. இன்றைக்கு எழுதிவிடுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வழி தெரிந்து வந்தவர் இல்லை. ஜெர்மனியின் பிரஷ்யப் பகுதியில் பிறந்து, லண்டன் மிஷனரி சங்கத்தால் அனுப்பப்பட்டு, 1804 இறுதியில் தரங்கம்பாடியில் வந்து இறங்கித் தமிழ் படித்துக்கொண்டிருந்தவர். மயிலாடி என்று ஓர் ஊர் இருக்கிறது, அங்கே ஒரு கூட்டம் ஜனம் போதகருக்காகக் காத்திருக்கிறது என்ற சேதி அந்த ஊர்க்காரர் ஒருவரால்தான் தஞ்சாவூருக்கும் தரங்கம்பாடிக்கும் போனது. அவர் பெயர் மகாராசன். பிறகு வேதமாணிக்கம்.

மகாராசன் சாம்பவர் சமூகத்தைச் சேர்ந்தவர். அந்தக் காலத் திருவிதாங்கூரில் அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். நடக்கக் கூடாத தெருக்கள் இருந்தன. மேல்சாதிக்காரர் எதிரே வந்தால் இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கு இருந்தது. கூலியில்லாத ஊழியம் இருந்தது. அடிமைகளை விற்கவும் வாங்கவும் சட்டமே இடம் கொடுத்தது. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது 1855இல்தான். இப்படிப்பட்ட இடத்திலிருந்து 1799 வாக்கில் ஒரு மனிதர் உறவினர் சிவகுருநாதனைக் கூட்டிக்கொண்டு சிதம்பரத்துக்கு யாத்திரை கிளம்புகிறார். 400 கிலோமீட்டருக்கு மேல், கால்நடையாக. நந்தனார் உள்ளே போக ஏங்கி நின்ற அதே சிதம்பரம். அங்கே கண்டது அவர் மனதை நிரப்பவில்லை. திரும்பும் வழியில் தஞ்சாவூரில் உறவினர் வீட்டில் தங்குகிறார். அவர்கள் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். அவர்களோடு ஆலயத்துக்குப் போய், அங்கே கோல்ஹாஃப் ஐயர் தமிழில் பிரசங்கம் செய்வதைக் கேட்கிறார்.

தஞ்சாவூரில் ஊழியம் செய்த மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் 1798 பிப்ரவரியில் இறந்துவிட்டார். அவர் வளர்த்துவிட்ட கோல்ஹாஃபின் கையில் அப்போது தஞ்சாவூர் சபை இருந்தது. ஆலயத்துக்குள்ளே இவரை யாரும் போ என்று சொல்லவில்லை. அங்கேயே போதனை பெற்று, ஞானஸ்நானம் எடுத்து, வேதமாணிக்கம் என்று பெயர் வாங்கிக்கொண்டு, புத்தகங்களைக் கட்டித் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்புகிறார். கூடப் போன சிவகுருநாதன் மாசிலாமணி ஆனார்.

அங்கிருந்து ரிங்கல்தௌபே வந்தது வரை ஆறேழு வருஷம். மயிலாடி சபையின் வரலாறு என்று நான் நினைப்பது இந்த வருஷங்களைத்தான். வெள்ளைக்காரர் யாரும் இல்லை. பட்டம் பெற்ற போதகர் இல்லை. கட்டடம் இல்லை, மணி இல்லை. ஒரு மனிதர் தன் வீட்டில் உறவினர்களை உட்காரவைத்து வேதம் வாசித்துக் காட்டுகிறார், ஜெபம் சொல்லிக் கொடுக்கிறார். ஊரில் எதிர்ப்பு வருகிறது. அதே ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் 1752இல் கத்தோலிக்கரான தேவசகாயம் பிள்ளை சுட்டுக் கொல்லப்பட்டு ஏறக்குறைய ஐம்பது வருஷமே ஆன நேரம் அது. அரண்மனை அதிகாரியாக இருந்தவருக்கே அந்தக் கதி என்றால், மயிலாடியில் நிலமும் செல்வாக்கும் இல்லாத ஜனத்துக்கு எவ்வளவு பயம் இருந்திருக்கும்? அப்படியும் அந்தக் கூட்டம் கலையவில்லை. சபை என்ற சொல்லுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆனால் மலரில் இந்த வருஷங்களுக்கு இரண்டு வரி. அதுவும் 'மிஷனரியின் வருகைக்கு ஆயத்தமாக' என்று.

ரிங்கல்தௌபேயைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. எனக்கு அவர் மேல் மிகுந்த மரியாதை உண்டு. குடிசையில் தங்கி, வந்த சம்பளத்தைக் கிட்டத்தட்ட முழுவதும் ஜனத்துக்கே கொடுத்துவிட்டு வாழ்ந்தவர். ஆலயம் கட்ட அனுமதி கேட்டு வருஷக்கணக்கில் நடையாய் நடந்தவர். திவான் வேலுத்தம்பி காலத்தில் அனுமதி கிடைக்கவில்லை. ஆங்கிலேயக் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்ட் கர்னல் மெக்காலே துணைக்கு நின்றும் இழுத்துக்கொண்டே போனது. வேலுத்தம்பியின் கிளர்ச்சி அடங்கிய பிறகு, 1809இல்தான் மயிலாடியில் ஆலயம் எழும்பியது. தென் திருவிதாங்கூரின் முதல் புரொட்டஸ்டன்ட் ஆலயம் அது. மயிலாடியைத் தொடர்ந்து தாமரைக்குளம், புத்தளம், ஈத்தாமொழி என்று சுற்றிலும் சபைகள் முளைத்தன. 1816இல் உடம்பு முடியாமல் அவர் கிளம்பிப் போனார். கப்பலேறிய பிறகு என்ன ஆனார் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. இப்படி ஒரு மனிதரை மறக்க முடியுமா?

அவர் போகும்போது பொறுப்பை யாரிடம் கொடுத்துவிட்டுப் போனார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். வேதமாணிக்கத்திடம். அடுத்த மிஷனரி சார்லஸ் மீட் வந்து சேரும் வரை அந்தச் சபைகளையெல்லாம் நடத்தியவர் மயிலாடிக்காரர்தான். ஆரம்பத்திலும் அவர், இடைவெளியிலும் அவர்.

இவரை ஏன் ஓரமாக வைத்தோம்? எனக்குத் தோன்றுவதை ஒளிக்காமல் சொல்கிறேன், சிலருக்குக் கசக்கலாம். பின்னாளில் இந்தச் சபைகளில் பெரும்பான்மையாகச் சேர்ந்தவர்கள் நாடார் சமூகத்தினர். 'எங்களுக்கு வேதத்தைக் கொண்டுவந்தவர் ஒரு சாம்பவர்' என்று சொல்வதைவிட, ஜெர்மனியிலிருந்து வந்த ஐயர் கொண்டுவந்தார் என்று சொல்வது பலருக்கும் எளிதாக இருந்திருக்கிறது. வேதமாணிக்கத்தின் பெயரை மேடையில் சொல்பவர்கள்கூட அவர் எந்தச் சமூகத்திலிருந்து வந்தார் என்பதை மெல்லத் தாண்டிவிடுகிறார்கள். அதே மேடையிலிருந்து இறங்கி வந்து கல்யாணப் பேச்சு என்றால் முதல் கேள்வி என்ன என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

இது மிஷனரிகளையும் விட்டுவைக்காத நோய். சார்லஸ் மீட் 1850களின் தொடக்கத்தில் பறையர் குடும்பத்துக் கிறிஸ்தவப் பெண்ணை மணந்துகொண்டார். அதன் விளைவாக அவர் லண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியத்தை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று. நாகர்கோவில் சபைக்கு அடித்தளம் போட்டவர், அச்சுக்கூடம் கொண்டுவந்தவர், செமினரி தொடங்கியவர் என்று மீட் ஐயரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் மலர்களில் இந்தக் கல்யாணம் வந்து நான் பார்த்ததில்லை. என்னைக் கேட்டால் அவர் செய்த ஊழியத்தில் அதுவும் ஒன்று.

இன்னொரு விஷயம். 'அவர்கள் வரிக்குப் பயந்து, கூலியில்லாத ஊழியத்துக்குப் பயந்து சேர்ந்தவர்கள்தானே' என்று வெளியே இருப்பவர்கள் சொல்வார்கள். நம் ஆட்கள் இதைக் கேட்டுத் தலைகுனிகிறார்கள். ஏன் குனிய வேண்டும்? ரிங்கல்தௌபேக்கே இந்தச் சந்தேகம் இருந்தது. ஊழியத்திலிருந்து தப்பிக்க வருகிறவர்களுக்கு அவசரப்பட்டு ஞானஸ்நானம் கொடுக்கத் தயங்கினார். ஆனால் தலைக்கு வரி, கூலியில்லாமல் வேலை, மனைவி மார்பை மறைத்தால் அடி என்று இருக்கிற இடத்தில், ஆத்துமாவுக்கு விடுதலை வேறு, உடம்புக்கு விடுதலை வேறு என்று ஒருவன் பிரித்துப் பார்க்க முடியுமா? எகிப்திலிருந்து புறப்பட்ட இஸ்ரவேலரும் செங்கல் சுமை தாங்காமல் கூப்பிட்டவர்கள்தான். தோள்சீலைக்காக, அதாவது மார்பை மறைக்கும் உரிமைக்காக, நம் பாட்டிமார்கள் 1820களிலிருந்து 1859 அரசாணை வரை பட்ட அடியும் அவமானமும் சபை வரலாற்றுக்கு வெளியே நடந்த அரசியல் கிடையாது. அதுவேதான் சபை வரலாறு.

பெண்களைப் பற்றிச் சொல்லும்போது ஆலயத்துக்கென்று அவர்கள் எடுத்துவைத்த கைப்பிடி அரிசியைச் சொல்லாமல் விட முடியாது. என் பாட்டி வீட்டு அடுக்களையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வாய் குறுகிய சின்ன மண்கலயம் ஒன்று இருக்கும். உலை கொதித்ததும் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து முதலில் அதில் போடுவார், மிச்சம்தான் உலைக்கு. வீட்டில் ஆள் கூடின நாளிலும் அந்தப் பிடி குறையாது. வாரக் கடைசியில் அது ஆலயத்துக்குப் போகும். போதகர் இல்லாத நாளில் சபையைக் கவனித்துக்கொண்ட உபதேசியார் வீட்டு அடுப்பு எரிந்தது இதில். ஓலை ஆலயம் ஓட்டு ஆலயமானது இதில். லண்டனிலிருந்து வந்த பணத்துக்கு அறிக்கை இருக்கிறது. இந்த அரிசிக்கு எங்கே கணக்கு? நாகர்கோவிலில் மிஷனரியின் மனைவியான மால்ட் அம்மையாரிடம் லேஸ் பின்னப் படித்து, அந்த வருமானத்தில் தங்கள் அடிமைத்தனத்துக்கு விலை கொடுத்து விடுதலை வாங்கிய பெண்கள் இருந்தார்கள். அவர்களில் யாருடைய பெயராவது நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? மால்ட் அம்மையார் பெயர் தெரியும்.

உபதேசியார்களும் அப்படித்தான். ஒரு போதகருக்குப் பல சபைகள். அவர் வருவது திருவிருந்துக்கும் ஞானஸ்நானத்துக்கும். மற்ற நாளெல்லாம் பள்ளிக்கூடம் நடத்துவது, வியாதிக்காரரைப் பார்ப்பது, சண்டையை விலக்குவது, பிணத்தை அடக்கம் பண்ணுவது, மனு எழுதிக் கொடுப்பது எல்லாம் உபதேசியார். எங்கள் சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்க எனக்கு வாய்ப்பு கிடைத்தது. செல் அரித்த ஓரங்கள், பழுப்பேறிய மசி. தேதி, பெயர், தகப்பன் தாய், ஊர், தொழில் என்று கட்டம் கட்டமாக. தொழில் என்ற இடத்தில் பனையேற்று, பனையேற்று, கூலி, பனையேற்று என்று இறங்கிக்கொண்டே வருகிறது. முதல் தலைமுறையின் பெயர்களில் சுடலையும் இசக்கியும் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் யோவானும் மரியாளும். அத்தனையும் ஒரே கையெழுத்து, சாய்வில்லாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல். அந்தக் கைக்குரிய உபதேசியாரின் பெயர் பதிவேட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஒரு சபையின் உண்மையான மலர் இதுதான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

இப்படிப்பட்ட பதிவேடுகள் என்ன கதியாகின்றன தெரியுமா? எனக்குத் தெரிந்த ஒரு சபையில் பழைய ஆலயத்தை இடித்துப் புதிதாகக் கட்டியபோது, உள்ளறை அலமாரியில் இருந்த கட்டுகள் பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விட்டன. ஊர் பெயர் வேண்டாம். கோபுரத்துக்கு லட்சக்கணக்கில் பிரிக்க முடிந்தது. ஒரு இரும்புப் பெட்டி வாங்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு இன்னும் அந்தக் கோபம் தணியவில்லை.

மயிலாடி கல்வேலைக்குப் பேர்போன ஊர். கல்லைச் செதுக்கித் தெய்வம் செய்யும் சிற்பிகளின் ஊரில், அந்தத் தெருக்களில் நடக்கவே உரிமையில்லாத ஒருவர் தொடங்கிய சபை இருநூறு வருஷத்தைத் தாண்டி நிற்கிறது. லண்டன் மிஷன் போய், 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபை வந்து, 1947இல் சி.எஸ்.ஐ. ஆகி, 1956இல் மாநிலமே மாறி, 1959இல் குமரிப் பேராயம் தனியாகி, இத்தனைக்கும் ஈடுகொடுத்திருக்கிறது. பேராயர்களின் படத்தை மலரில் போடுங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. முதல் பக்கத்தில் மட்டும் 1806ஐ எடுத்துவிட்டு 1799 என்று போடுங்கள். அந்த மனிதர் யார், எந்தச் சமூகம், எங்கே நடந்து போனார் என்று முழுசாக எழுதுங்கள்.

அடுத்து மலர் கமிட்டியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு. வாழ்த்துச் செய்திகளைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, சபையில் எண்பது வயது தாண்டியவர்கள் வீட்டுக்குப் போனோடு போய் உட்காருங்கள். உபதேசியார்கள் பெயர், வீடு வீடாகப் போய் வேதம் சொல்லிக் கொடுத்த வேதப் பெண்கள் பெயர், ஓலை முடைந்தவர், கல் சுமந்தவர், அறுப்பின் பண்டிகையில் ஏலம் கூறினவர் என்று கேட்டு ரெக்கார்ட் பண்ணுங்கள். பதிவேடுகளை செயலாளரிடம் அனுமதி வாங்கி ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் எடுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் போன் போதும், பகல் வெளிச்சத்தில் எடுங்கள், பிளாஷ் போடாதீர்கள், ஒட்டிக்கொண்ட தாள்களைப் பலவந்தமாகப் பிரிக்காதீர்கள். ஒரு பிரதி சபையில், ஒரு பிரதி வெளியே. உதவி வேண்டுமென்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், சனிக்கிழமைகளில் நானே வருகிறேன்.