சித்திக்கு இல்லாத வாக்கு

பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் மேல்சபையான பிரபுக்கள் சபை உறுப்பினர்களுக்குப் பொதுத்தேர்தலில் வாக்கு இல்லை, சிறைக் கைதிகளோடு சேர்த்து வைத்துவிட்டார்கள் என்று நண்பர் உருகி எழுதியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கீழே நம் ஆட்களே வந்து "அநியாயம்" என்று எழுதியிருந்தார்கள். நேற்றிரவிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

பொதுத்தேர்தலில் நாம் எதற்கு வாக்குப் போடுகிறோம்? நமக்காகப் பேச உள்ளே ஓர் ஆளை அனுப்பத்தான். பிரபுதான் ஏற்கனவே உள்ளே இருக்கிறாரே! சட்டமூலத்தைத் திருத்துகிறார், திருப்பி அனுப்புகிறார். நாம் நாலைந்து வருடத்துக்கு ஒரு தடவை பென்சிலால் ஒரு புள்ளடி போடுகிறோம். அவர் சபைக்குள் ஒரே வாரத்தில் பல தடவை வாக்களிக்கலாம், யாரும் தேர்ந்தெடுக்காமலே.

"வரி, அரசுச் செலவு பற்றிய சட்டமூலங்களில் பிரபுக்கள் கைவைக்கும் அதிகாரத்தை 1911-லேயே பிடுங்கிவிட்டார்களே, வரி கட்டுகிறவருக்கு வாக்கு வேண்டாமா?" என்று கேட்பீர்கள். சரி, கேள்வி நியாயம்தான். அதை என் சித்தியிடம் வந்து கேளுங்கள்.

சித்தி நெதர்லாந்து பாஸ்போர்ட்டோடு 2004-இல் லண்டன் வந்தவர். முதியோர் இல்லத்தில் இரவு வேலை. ஒரு மாதம் தவறாமல் வரி போகிறது. 2016 ஜூன் 23, ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்ற வாக்கெடுப்பு. கொட்டும் மழை. வேலை முடிந்து நேரே வாக்குச்சாவடிக்குப் போனார். கவுன்சில் தேர்தலில் போட்ட அதே இடம்தானே என்று நினைத்துவிட்டார். அங்கிருந்த பெண் பட்டியலில் ஸ்கேலை வைத்து இறக்கிக்கொண்டே வந்து சித்தியின் பெயரில் நிறுத்தினார். பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து. "மன்னிக்கவும், உங்களுக்கு இதில் வாக்கு இல்லை." சித்தியின் வாழ்க்கையைத்தான் அன்று தீர்மானித்தார்கள். அன்றைக்குப் பிரபுக்களுக்கு வாக்கு இருந்தது. சட்டத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

நான் இலங்கை பாஸ்போர்ட்டோடு படிக்க வந்து, கொமன்வெல்த் நாட்டுக்காரன் என்பதால் 2010 பொதுத்தேர்தலிலேயே வாக்குப் போட்டேன். வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சித்தியின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

"தஞ்சம் கேட்டு வருகிறவர்களை ருவாண்டாவுக்கு அனுப்பும் சட்டமூலத்தை அந்தப் பிரபுக்கள்தானே எதிர்த்தார்கள், நன்றி இல்லையா?" என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டார். நன்றி இருக்கிறது. 2024 ஏப்ரலில் அவர்கள் திரும்பத் திரும்பத் திருத்தி அனுப்பியதை நானும் விழித்திருந்து பார்த்தேன். நம் பிள்ளைகளுக்கும் வந்திருக்கக்கூடிய ஆபத்து அந்தச் சட்டம். ஆனால் ஓர் அரசாங்கத்தையே நள்ளிரவு வரை காக்கவைக்க முடிந்தவர்களை எப்படி ஐயா வாக்கில்லாதவர்கள் என்று சொல்கிறீர்கள்?

வாக்குத்தான் வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. 2014 சட்டத்தின்படி சபையை விட்டு விலகலாம். விலகினால் பொதுத்தேர்தல் வாக்கு கைக்கு வந்துவிடும். ஒரு கடிதம் போதும்.

சித்திக்குக் கடிதம் போதாது. பிரிட்டிஷ் குடியுரிமை எடுக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணமே 1,500 பவுண்டுக்கு மேல். போன கிழமையும் கேட்டேன். "முதல்ல கூரை ஒழுகுறதைப் பார்ப்பம் தம்பி" என்றார்.