எட்டுக் கலையும் என் ரெக்கார்டு நோட்டும்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் மூன்று நாட்களாக இருந்தேன். காணொளி உங்கள் எல்லோருக்கும் வந்திருக்கும். கோள்கள் சூரியனைச் சுற்றும் விதத்தைச் சொல்லும் வானியலாளர் கெப்ளரின் மூன்று விதிகளை மூன்று வரியில் எழுதிவிடலாம், மீதியெல்லாம் அந்த மனிதரின் புலம்பல் என்று பேச்சாளர் சொன்னபோது அரங்கம் சிரித்தது. நான் எழுந்து மறுத்ததும், "ஐயா வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டார்" என்றார். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். இங்கே யாரும் ஒலிவாங்கியைப் பிடுங்க முடியாதென்பதால், அந்த வகுப்பை இப்போது முடித்துவிடுகிறேன்.

அந்தப் புலம்பல்தான் அறிவியல். 1609-இல் வெளிவந்த 'புதிய வானியல்' நூலில், செவ்வாயின் பாதையைத் தேடித் தாம் நுழைந்த முட்டுச்சந்துகளைக் கெப்ளர் வரிசையாக எழுதிவைத்தார். தொலைநோக்கி இல்லாத காலத்தில் டைக்கோ பிராகே என்ற வானியலாளர் வெறுங்கண்ணால் அளந்து வைத்துவிட்டுப் போன நிலைகளுக்கு முதலில் ஒரு வட்டத்தைப் பொருத்திப் பார்த்தார். இந்தக் கணக்கு உங்களுக்குச் சலிப்பூட்டினால், குறைந்தது 70 முறை இதைச் செய்த என்மீது இரங்குங்கள் என்று அவர் வாசகரிடம் கேட்டுக்கொள்வது இங்கேதான். ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு ஒரு கலை; கடைசியில் கணக்கு ஏறக்குறைய 2 கலைக்குள் பொருந்தியது. மற்றொருவர் அத்துடன் எழுதுகோலைக் கீழே வைத்திருப்பார். இவரோ வேறு அளவீடுகளைக் கொண்டு சோதித்தார். 8 கலை பிசகியது.

8 கலை என்பது முழுநிலவின் அகலத்தில் ஏறக்குறைய கால்வாசி. பழைய கிரேக்க வானியலாளர் தாலமி தம் அளவீடுகளில் 10 கலை வரை பிழை இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டவர் என்பதால், இதைக் கண்டும் காணாமல் விட்டிருந்தால் யாரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். பிராகே அவ்வளவு பிசகமாட்டார் என்ற ஒரே நம்பிக்கையில், ஈராயிரம் ஆண்டுகளாக உலகம் நம்பிய, தாமும் நம்பிய வட்டத்தையே கெப்ளர் கைவிட்டு, கடைசியில் நீள்வட்டத்துக்கு வந்தார். வானியல் முழுவதையும் திருத்தியமைக்க வழிகாட்டியது அந்த 8 கலைதான் என்று பின்னர் எழுதினார். இது புலம்பலாம்.

எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்று கேட்பீர்கள். கல்லூரி முதலாண்டில் தனி ஊசல் சோதனையில் எனக்குப் புவியீர்ப்பு முடுக்கம் 943 என்று வந்தது. பக்கத்து மேசையில் எல்லோருக்கும் பாடநூல் சொல்லும் 980 (செ.மீ./வி²). நானும் 980-இல் தொடங்கிப் பின்னோக்கிக் கணக்கிட்டு, இருபது அலைவுகளுக்கான நேரங்களை மாற்றி எழுதினேன். முழு மதிப்பெண் கிடைத்தது. என் ஊசலில் என்ன பிழை இருந்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

கெப்ளர் ஜாதகம் கணித்தவர்தானே என்று ஒரு நண்பர் உள்பெட்டியில் கேட்கிறார். ஆமாம், கணித்தார், அதனால் செவ்வாய் பாதை மாறிவிட்டதா? கோள்களின் இடைவெளிகளை கனசதுரம் போல எல்லா முகங்களும் ஒரே வடிவான ஐந்து ஒழுங்குத் திண்மங்களால் விளக்கலாம் என்று 1596-இல் எழுதியது அபத்தம் இல்லையா என்பது அடுத்த கேள்வி. அந்த நூலை 1621-இல் மறுபதிப்புச் செய்தபோது, பழைய வரிகளை அழிக்காமல், தம் பிழைகளைத் தாமே குறிப்புகளில் சுட்டியவர் அவர். நம்மில் எத்தனை பேர் பழைய முகநூல் பதிவை அழிக்காமல் வைத்திருக்கிறோம்?

இன்னொன்றையும் சொல்லிக்காட்டுவார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். 'புதிய வானியல்' நூலில் நீள்வட்டத்துக்குச் சான்றாகத் தந்த சில எண்கள் அந்தக் கோட்பாட்டிலிருந்தே திரும்பக் கணக்கிடப்பட்டவை என்று 1988-இல் ஒரு வரலாற்றாய்வாளர் காட்டினார். அதாவது, கெப்ளரும் ஓரிடத்தில் என் 980-ஐ எழுதியிருக்கிறார். எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் அந்த 8 கலையை அவர் மறைக்கவில்லை, எனக்கு அது போதும். உங்களுக்குப் போதாதென்றால் நான் என்ன செய்ய?

கொலம்பசும் மகெல்லனும் வழிதவறிய கதைகளை நாம் பொறுத்துக்கொள்வது மட்டுமல்ல, அவை விடுபட்டால் வாசிப்பின் இன்பமே போய்விடும் என்று அதே நூலின் முன்னுரையில் கெப்ளர் எழுதியிருக்கிறார். பேச்சாளர் முன்னுரையையாவது புரட்டியிருக்கலாம். அந்த அரங்கில் முன்வரிசையில் அமர்ந்து சிரித்தவர்களில் இருவர் என் மாணவர்கள். அவர்களுடைய ரெக்கார்டு நோட்டுகளில் 980-க்கு நேராகச் சிவப்பு மையில் சரி போட்டவனும் நான்தான்.