எந்த செஸ் எஞ்சின் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு

பிள்ளை டோர்னமென்ட் ஆட ஆரம்பித்ததும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, கேம் அனாலிசிஸுக்கு எந்த எஞ்சின் (ஆட்டத்தை அலசி நல்ல மூவைச் சொல்லும் புரோகிராம்) வாங்கலாம் என்பது. என் பதில்: எதையும் வாங்காதீர்கள். ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சின் இலவசம், லிச்செஸ் என்ற இலவச செஸ் தளத்தில் பிரவுசரிலேயே ஓடும், சாதாரண போனில் ஓடும்போதே உலக சாம்பியனை விடப் பலமானது. காசு கொடுத்து ஃப்ரிட்ஸ் என்ற செஸ் சாஃப்ட்வேர் வாங்கினாலும் அதற்குள் ஸ்டாக்ஃபிஷ்ஷைச் சேர்த்துத்தான் பலரும் பார்க்கிறார்கள். 1500 ரேட்டிங் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்) உள்ள பிள்ளைக்கு அதற்கு மேல் பலம் எதற்கு?

லீலா என்ற எஞ்சினும் இலவசம்தான். கூகுள் டீப்மைண்டின் ஆல்ஃபாஜீரோ புரோகிராம் வழியில், தனக்குத் தானே ஆடிக் கற்றது. காயைக் கொடுத்துவிட்டு நிதானமாக நெருக்கும் ஆட்டங்களில் அது காட்டும் யோசனைகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லையென்றால் திணறும். 2020இல் ஸ்டாக்ஃபிஷ் 12 நியூரல் நெட்வொர்க்கைச் சேர்த்துக்கொண்ட பிறகு, லீலாவுக்காகத் தனியாக மெனக்கெட வேண்டிய அவசியமும் குறைந்துவிட்டது.

எனக்குக் கவலை தருவது ஓரத்தில் தெரியும் அந்த எண்தான், யார் எவ்வளவு முன்னிலை என்று எஞ்சின் போடும் மதிப்பு. 0.00 என்றால் சமம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப்பில் குகேஷ் - டிங் லிரென் கடைசி ஆட்டம். டிங் 55ஆவது மூவில் ரூக்கை எஃப்2-வில் வைக்கும் வரை எஞ்சினைக் கேட்டால் டிரா என்றே சொல்லும். ஆனால் டிங்கின் பிஷப் ஏ8 மூலையில் நிற்கிறது, குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், ரூக்குகள் வெட்டுப்பட்டால் குகேஷின் பிஷப் டி5-க்கு வந்து பிஷப்களையும் மாற்றச் சொல்லும், மிஞ்சும் சிப்பாய் ஆட்டம் டிங்குக்குத் தோல்வி. அந்த டிராவைக் காப்பாற்ற ஒரு மனிதன் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்பதை 0.00 சொல்லாது. அப்புறம், +1.00 என்றால் ஒரு சிப்பாய் லாபம் என்று இன்னும் பலர் சொல்லித் தருகிறார்கள். ஸ்டாக்ஃபிஷ் 15.1-இல் இருந்து அதற்கு அர்த்தம், அதே பலமுள்ள எஞ்சின்கள் ஆடினால் வெல்ல 50 சதவீத வாய்ப்பு என்பதுதான்.

இதனால்தான் மாயா என்ற எஞ்சினைப் பலரும் கண்டுகொள்ளாதது எனக்கு வருத்தம். லிச்செஸ்ஸில் மனிதர்கள் ஆடிய ஆட்டங்களில் இருந்து, 1100 முதல் 1900 வரை நூறு நூறாக ஒவ்வொரு ரேட்டிங் மட்டத்துக்கும் தனித்தனியாகப் பழக்கப்பட்டது. சிறந்த மூவைத் தேடாது, அந்த ரேட்டிங்கில் இருப்பவர் எதை ஆடுவார் என்று சொல்லும். ஸ்டாக்ஃபிஷ் தப்பு என்று காட்டும் மூவையே மாயாவும் ஆடினால், அந்தப் பிள்ளையின் மட்டத்தில் எல்லோரும் விழும் பள்ளம் அது. கோச்சிடம் உட்கார்ந்து கேட்க வேண்டிய இடம். மாயாவே ஆடாத மூவை உங்கள் பிள்ளை ஆடியிருந்தால் திட்டாதீர்கள், எதைப் பார்த்து ஆடினாய் என்று கேளுங்கள். அதைக் கேட்ட பிறகு எஞ்சினைத் திறந்தால் போதும்.