நிபந்தனைக்கு எதற்குத் திருப்தி?

அண்மையில் எனக்கு வந்த ஒரு விண்ணப்பப் படிவத்தில், 'கீழ்க்காணும் நிபந்தனைகளைத் திருப்திப்படுத்துவோர் மட்டுமே விண்ணப்பிக்கலாம்' என்று அச்சிட்டிருந்தார்கள். நிபந்தனைக்கு இலை போட்டுப் பாயசம் பரிமாறித்தான் திருப்திப்படுத்த வேண்டுமோ என்று எரிச்சல் வந்தது. 'சாட்டிஸ்ஃபை' என்ற ஆங்கில வினையைக் கண்டவுடன், அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்து ஒட்டிவிடுகிற இந்தப் பழக்கம் என்றுதான் ஓயுமோ! 'போதுமான அளவு' என்று பொருள்படும் 'சாட்டிஸ்' என்ற லத்தீன் சொல்லோடு 'செய்' என்னும் வினை சேர்ந்து பிறந்த அச்சொல், மனிதரைப் பற்றி வரும்போது மனநிறைவு தருவதையும், பசியைப் பற்றி வரும்போது தணிப்பதையும், கடனைப் பற்றி வரும்போது தீர்ப்பதையும், நிபந்தனையைப் பற்றி வரும்போது நிறைவு செய்வதையும் குறிக்கும். நம் பள்ளிக் கணக்குப் புத்தகங்கள்கூட 'சமன்பாட்டை நிறைவு செய்யும் மதிப்பு' என்று சரியாகவே எழுதுகின்றன.

இதைவிடக் கொடுமை, அதே வினை 'சாட்டிஸ்ஃபைடு ஹிம்செல்ஃப்' என்பதுபோல் தற்சுட்டாக, அதாவது செய்தவரையே திரும்பச் சுட்டி, வரும் இடம். ஆவணங்கள் உண்மையானவை என்று அதிகாரி ஐயமற உறுதி செய்துகொண்டார் என்பதே அங்கே பொருள். ஆனால் 'அதிகாரி தம்மைத் திருப்திப்படுத்திக்கொண்டார்' என்று ஒரு மொழிபெயர்ப்பில் படித்தேன். அவர் லஞ்சம் வாங்கிவிட்டார் என்றே நான் புரிந்துகொண்டேன்.